சேலத்தில் வீடு வாங்கத் தரகரோடு கிளம்பும் முன்

2022 ஆனியில் நாங்கள் சேலத்துக்குக் குடிவந்தபோது இந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவை ஜங்ஷனும் புது பஸ் ஸ்டாண்டும்தான். மறு வருஷம் ஆவணியில், ஏற்காடு ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, சொந்த வீட்டில் பால் காய்ச்சினோம். இடையில் 14 மாதம் ஓடியது. மூன்று தரகர்களோடு சுற்றி 32 வீடு பார்த்தோம். அவசரப்பட்டு ஒரு வீட்டுக்கு டோக்கன் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தோம். என்னைப் போல வெளியூரிலிருந்து வந்து இங்கே வீடு தேடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்கள் தரகர் இல்லாமல் சேலத்தில் வீடு வாங்குவது கஷ்டம். விற்கிற வீட்டு வாசலில் பெரும்பாலும் போர்டு தொங்காது. "வித்தா வித்துடலாம், நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்" என்று நினைக்கிற சொந்தக்காரர்களே அதிகம். பிள்ளைகளோடு சென்னையிலோ பெங்களூரிலோ போய் இருந்துகொண்டு, பக்கத்துத் தெரு தரகரிடம் சாவியைக் கொடுத்து வைத்திருப்பார்கள். அந்தச் சேதி டீக்கடை வழியாகத்தான் நடக்கும். வீட்டைக் கண்டுபிடிப்பது, விலை பேசுவது, இரண்டு தரப்பையும் ஒரே நாளில் ரிஜிஸ்டர் ஆபீசில் உட்கார வைப்பது இவையெல்லாம் தரகர் வேலை. அதில் நல்ல தரகர் வாங்குகிற கமிஷனுக்கு மேலாகவே உழைக்கிறார். பத்திரம் சரியா என்று பார்ப்பது நம் வேலை. அதையும் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள்தான் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

முதலில் கையில் இருக்கும் பணம்

தரகரிடம் "எவ்வளவுக்குள்ள பாக்கணும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். 60 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 சதவீதம் வரையும் வங்கிகள் கொடுக்கலாம். ஆக, இந்த வீட்டுக்கு அதிகபட்சம் 48 லட்சம் கிடைக்கும். மீதி 12 லட்சம் நம் கையிலிருந்து போக வேண்டும்.

இத்தோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு இது 5,40,000 ரூபாய். தரகு 1 சதவீதம் என்றால் 60,000. வக்கீல், வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம், அடமானப் பதிவு, குடிபோகும் முன் ஒரு பெயின்ட். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 19 லட்சம் கையில் வேண்டும். வங்கி தன் பொறியாளரை அனுப்பிப் போடுகிற மதிப்பு நாம் பேசிய விலையைவிடக் குறைந்தால் கடனும் குறையும். அதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சொத்து பெண்கள் பெயரில் இருந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கும் சலுகை 2025 ஏப்ரலில் வந்தது. அது 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு மட்டும் என்பதால் நகரத்துக்குள் வீடு வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கைடுலைன் வேல்யூ என்பது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பு. "கைடுலைன் வேல்யூ கம்மிதாங்க, பத்திரத்துல 40 போட்டுக்கலாம், மீதி 20 கையில குடுத்துடுங்க, உங்களுக்கும் பதிவுச் செலவு மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் 40 என்றால் வங்கி 40-க்குத்தான் கணக்குப் பார்க்கும். 32 லட்சம் கிடைக்கும். 12 லட்சம் தேவைப்பட்ட இடத்தில் 28 லட்சம் தேட வேண்டிவரும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை 40 லட்சம் என்றே கணக்காகி வரி கூடும். கிரயம் தகராறாகிக் கோர்ட்டுக்குப் போனால் அந்த 20 லட்சத்துக்குச் சாட்சியே இல்லை. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. அப்படி ரொக்கம் வாங்கிய விற்பவருக்கு அதே அளவு தொகை அபராதம். நான் இதைச் சொல்லி மறுத்த இரண்டு வீடுகள் கைநழுவின. அதற்காக இன்றுவரை வருத்தமில்லை.

ஏரியா பார்ப்பது

முடிந்தால் ஆறு மாதமாவது வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், சாரதா காலேஜ் ரோடு பக்கம் விலை அதிகம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கைக்கெட்டும் தூரம். தினம் ரயில் ஏறுகிறவர்களுக்குச் சூரமங்கலம் வசதி. கோரிமேடு, கன்னங்குறிச்சி பக்கம் மலைக்காற்றும் கொஞ்சம் பசுமையும் உண்டு. செவ்வாய்ப்பேட்டை, குகை போன்ற பழைய பேட்டைகளில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்கும், பத்திரங்களும் மூன்று தலைமுறை பின்னால் போகும். அங்கே வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. வக்கீலுக்கு வேலை அதிகம், அவ்வளவுதான்.

தரகர் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் காட்டும் தெரு வேறு, வார நாள் ராத்திரி அதே தெரு வேறு. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓடும் தெருக்கள் உண்டு. ஞாயிறு தறி நின்றிருந்தால் சத்தமே தெரியாது. ஊரைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும்போதுதான் வாடை வரும். ஆகவே தரகர் இல்லாமல் தனியாக இரண்டு தடவை போங்கள், ஒன்று விடியற்காலை, ஒன்று இரவு. மழை பெய்த மறுநாள் ஒரு தடவை கட்டாயம். சேர்வராயன் மலையில் பெய்கிற மழை திருமணிமுத்தாறு வழியாக ஊருக்கு நடுவில் ஓடுகிறது. ஆற்றோரமும் ஏரிகளுக்குக் கீழேயும் இருக்கிற தாழ்வான தெருக்களில் சுவரைப் பார்த்தாலே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கறை சொல்லும்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட அந்தத் தெருவில் குடம் வைத்திருக்கும் அக்காவிடம் கேட்பது மேல். "எத்தனை நாளைக்கு ஒரு தடவை மேட்டூர் தண்ணி விடறாங்க? எவ்வளவு நேரம்? வெயில் காலத்துல போர்ல தண்ணி நிக்குதா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். நாங்கள் பார்த்த ஒரு அழகான மாடி வீட்டை இந்த மூன்று கேள்வியே கழித்துக் கட்டியது. சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு இரண்டு லாரி தண்ணீர் வாங்குகிறார்கள் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார்.

ஏற்காட்டில் வாங்க நினைப்பவர்களுக்கு

மலை மேல் கணக்கே வேறு. ஏற்காட்டுப் பகுதி கிராமங்கள் ஹாகா என்று சொல்லப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. சமவெளியில் போல மனை வாங்கிக் கட்டிடம் எழுப்பிவிட முடியாது. தனி அனுமதி வேண்டும். "காப்பித் தோட்டத்துல பத்து செண்ட் தனியா பிரிச்சுத் தர்றோம்" என்று சொன்னால், அந்தப் பிரிவுக்கு அனுமதி உண்டா, அதில் வீடு கட்ட விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அரசு ஒப்படை செய்த நிலங்களுக்கு விற்கக்கூடாது, குறிப்பிட்ட காலத்துக்குக் கைமாறக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை உண்டு. அதைக் குறைந்த விலைக்குக் காட்டினால் திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிவிடுங்கள். அது இன்னொருவருடைய வாழ்வாதாரம், சட்டத்திலும் நிற்காது. பாதையையும் நினையுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வயதான பெற்றோரை மேலே குடிவைக்க நினைப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு ஆஸ்பத்திரி அவசரத்தோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

தரகரைத் தேர்ந்தெடுப்பது

சேலத்தில் இரண்டு வகைத் தரகர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தன் ஏரியாவை விட்டு வெளியே போகமாட்டார். டைரியில் பத்து வீடு இருக்கும், பத்து வீட்டின் கதையும் தெரியும். இன்னொருவர் ஆபீஸ் போட்டு, ஆள் வைத்து, ஊர் முழுக்கக் காட்டுவார். பழைய தனி வீடு வாங்க முதல் வகை நல்லது என்பது என் அனுபவம். புதிய அடுக்குமாடி, புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்ற தரகர்தான் வேண்டும். 2016-ல் வந்த ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ எட்டு வீடுகளுக்கு மேலோ உள்ள திட்டங்களைப் பதிவு செய்ய வேண்டும். அவற்றை விற்றுத் தரும் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஒரு பழைய வீடு கைமாறுவதற்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை என்பதால், அங்கே ஆளை எடைபோடும் பொறுப்பு முழுக்க நம்முடையது.

முதல் சந்திப்பிலேயே நான்கு விஷயம் பேசிவிடுங்கள். கமிஷன் எவ்வளவு? பொதுவாக 1 முதல் 2 சதவீதம் கேட்பார்கள், விற்பவரிடமும் தனியாக வாங்குவார்கள். யார் யாருக்குப் பங்கு? ஒரே வீடு மூன்று தரகர் கை மாறி நம்மிடம் வந்திருக்கலாம். கடைசியில் மூன்று பேரும் வாசலில் நிற்பார்கள். மொத்தம் இவ்வளவுதான், அவர்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும் என்று முன்பே சொல்லுங்கள். எப்போது கொடுப்பது? பத்திரம் பதிவான அன்று, கையெழுத்து முடிந்த பிறகு. நான்காவதாக, விலை பேசும்போது சொந்தக்காரர் நேரில் இருக்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத தரகரை விட்டுவிடலாம். சொந்தக்காரரிடம் 52 லட்சத்துக்குப் பேசி வைத்துக்கொண்டு நம்மிடம் 58 சொல்லி, நடுவில் இருப்பதைத் தான் எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. இந்த நான்கையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நல்ல தரகர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நல்ல தரகர் எப்படி இருப்பார் என்று கேட்டால், எங்களுக்கு வாய்த்த மூன்றாவது தரகர் அண்ணனைத்தான் சொல்வேன். சின்னத் திருப்பதிப் பக்கம் ஒரு வீடு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கிழக்கு வாசல், நிறைய வெளிச்சம், பின்னால் ஒரு மாமரம். நான் அட்வான்ஸுக்கே தயாராகிவிட்டேன். அவர் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நேரில் வந்து, "வேண்டாம்க்கா. அவங்க தங்கச்சி ரெண்டு பேரு தாரமங்கலத்துல இருக்காங்க. பங்கு பிரிக்கல, கையெழுத்துப் போடவும் மாட்டேங்கறாங்க. நான் போய்ப் பேசிப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். அந்த வீடு முடிந்திருந்தால் அவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு எங்களுக்காகத் தாரமங்கலம் வரை போய் வந்த மனிதர் அவர். பிற்பாடு நாங்கள் வாங்கியது அவர் காட்டிய வீட்டைத்தான்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

டேப் எடுத்துப் போங்கள். பத்திரத்தில் இருக்கும் நீள அகலமும் தரையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு செண்ட் என்பது 435.6 சதுர அடி. தரகர் செண்டிலும், பத்திரம் சதுர அடியிலும், பட்டா சதுர மீட்டரிலும் சொல்லும். மூன்றையும் ஒரே அளவுக்கு மாற்றிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மாடி எழுப்பியிருந்தால் அதற்கு வரைபட அனுமதி உண்டா என்று கேளுங்கள். கீழ்த்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி மேலே இரண்டு தளம் கட்டிய வீடுகள் ஏராளம். வங்கி அதற்கு மதிப்புப் போடாமல் போகலாம். சுவரடியில் உப்புப் பூத்திருக்கிறதா, புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் எந்த இடத்தில் மட்டும் புதிதாக இருக்கிறது, சம்ப் எத்தனை லிட்டர், போர் எத்தனை அடி என்று பாருங்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் யாரோ அவர் கட்டாயம் வர வேண்டும். பல வீடுகளில் தரகர் என் கணவரிடமே பேசிக்கொண்டிருந்தார். சமையலறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்தது நான்தான்.

அடுக்குமாடி என்றால் பிரிக்கப்படாத நிலப்பங்கு எத்தனை சதுர அடி என்பதே முதல் கேள்வி. கட்டிடம் பழசாகும், அந்தப் பங்குதான் நிற்கும். புதுக் கட்டிடத்தில் ரெரா சட்டப்படி கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பை, சொல்லித்தான் விற்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்தில் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும்.

பத்திரம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

எங்கள் டோக்கன் கதையைச் சொல்கிறேன். 25,000 ரூபாய். "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வருது, டோக்கன் போட்டு நிறுத்திக்கங்க" என்றார் முதல் தரகர். போனிலேயே அனுப்பிவிட்டோம். ஒரு வரி எழுதி வாங்கவில்லை. பிறகு, அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்தால், வீடு அடமானத்தில் இருக்கிறது, கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு இல்லை. கேட்டால், "நீங்க குடுக்கற பணத்துலதாங்க அதை அடைக்கணும்" என்று பதில் வந்தது. அப்படி வாங்கவும் வழி உண்டுதான், வங்கியோடு நேரில் பேசி. ஆனால் மறைத்ததை மன்னிக்க மனம் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு விதி ஒன்று: நகல் கைக்கு வந்து, வக்கீல் பார்த்து, அதன் பிறகே ஒரு ரூபாயானாலும்.

விற்பவரிடம் அவர் பெயருக்கு வாங்கிய பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், பட்டா, சொத்துவரி ரசீது, தண்ணீர் வரி ரசீது, கரண்ட் பில், கட்டிட வரைபட அனுமதி எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். குறைந்தது 30 வருஷத்துக்குச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். யார் யாருக்கு விற்றார், செத்தவருக்கு யார் வாரிசு, எந்தப் பாகப்பிரிவினையில் இந்தத் துண்டு யாருக்கு வந்தது என்று ஒரு தாளில் வம்சாவளி போல வரைந்து பாருங்கள். எங்கே கோடு அறுகிறதோ அங்கே கேள்வி கேட்க வேண்டும்.

வில்லங்கச் சான்று விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண்ணை வைத்து ஒரு தடவை, பத்திர எண்ணை வைத்து ஒரு தடவை தேடுங்கள். நகர நில அளவை முடிந்த இடங்களில் பழைய சர்வே எண் வேறு, புது எண் வேறு. இரண்டிலும் தேட வேண்டும். சார்பதிவாளர் அலுவலக எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். அடமானம் என்று ஒரு வரி இருந்தால் அதற்கு எதிரே ரசீது என்று இன்னொரு வரி இருக்கிறதா பாருங்கள். வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் சொல்லும். பதியாத உயில், கோர்ட் வழக்கு, அசல் பத்திரத்தைத் தனியாரிடம் வைத்து வாங்கிய கைமாற்று எதுவும் அதில் தெரியாது. அதனால்தான் அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வக்கீல்கள் பிடிவாதமாக நிற்கிறார்கள். சந்தேகம் இருந்தால் பதிவுத்துறையிலேயே சான்றிட்ட நகல் வாங்கி, விற்பவர் காட்டும் அசலோடு வரிவரியாக ஒப்பிடலாம்.

இதே வில்லங்கச் சான்றில் இன்னொரு பயன் உண்டு, பலர் கவனிப்பதில்லை. பக்கத்து மனைகளின் எண்ணைப் போட்டுப் பார்த்தால் சமீபத்தில் அவை என்ன விலைக்குப் பதிவாயின என்று தெரியும். குறைத்துப் போட்ட விலையாகவும் இருக்கலாம். இருந்தாலும் விலை பேச உட்காரும்போது கையில் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

பட்டாவை வருவாய்த்துறை இணையதளத்தில் சரிபாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்களும் யார் என்று கேளுங்கள். பட்டா இருந்தால் போதும், அதுவே உரிமை என்று சில தரகர்கள் சொல்வார்கள். அது வருவாய்ப் பதிவு; உரிமையைச் சொல்வது பத்திரம். இரண்டும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும் வாங்கி, அளவில் சிறு ஐயம் இருந்தாலும் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அங்கீகாரம் இருக்கிறதா, இல்லாவிட்டால் 2017-ல் வந்த விதிகளின்படி வரன்முறை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். கோயில் நிலம், வக்ஃப் நிலம், ஏரி உள்வாய், புறம்போக்கு, பஞ்சமி நிலம் இவற்றில் எதுவும் இல்லை என்று வக்கீல் எழுத்தில் தர வேண்டும்.

வாரிசு விஷயத்தில் பெண் பிள்ளைகளை விட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. "பொண்ணுங்களுக்கு நகை போட்டுக் கல்யாணம் பண்ணியாச்சு, அவங்க கேக்க மாட்டாங்க" என்பார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்து சட்டம் வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா உயிலில்லாமல் இறந்தால் மகளும் வாரிசு. அவர்கள் கையெழுத்தோ, பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ இல்லாமல் அந்த வீட்டை வாங்காதீர்கள். நம் பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இன்னொரு பெண்ணின் பங்கை அவளுக்குத் தெரியாமல் விலை கொடுத்து வாங்கிக் குடிபோக யாருக்கு மனம் வரும்?

விற்பவர் நேரில் வராமல் பவர் ஏஜென்ட் வந்தால், பவர் பத்திரம் பதிவானதா, ரத்தாகாமல் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். வீடியோ அழைப்பிலாவது சொந்தக்காரரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

வக்கீலை நாமே தேட வேண்டும். தரகர் கூட்டிவரும் வக்கீல் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் கிரயம் முடிய வேண்டும் என்பது தரகரின் அவசரம், அது வக்கீலையும் தொற்றக்கூடாது. வங்கி வக்கீல் பார்த்துவிட்டார் என்பதும் போதாது. அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்கு.

விலையும் அட்வான்ஸும்

பேரம் பேசுவதை முழுக்கத் தரகரிடம் விடுங்கள். அதில் அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர். அதிகபட்சத் தொகையை மட்டும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ஆடியில் சேலம் முழுக்க மாரியம்மன் பண்டிகையில் இருக்கும், கிரயம் வைக்கமாட்டார்கள். வீடு பார்ப்பதற்கும் பத்திரம் சரிபார்ப்பதற்கும் அதைவிட நல்ல மாதம் இல்லை. நாங்கள் ஆடியில் பேசி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவு செய்தோம். அவசரப்படுத்த யாருமில்லாத அந்த ஒரு மாதத்தில்தான் எல்லாக் காகிதமும் கைக்கு வந்தது.

கிரய ஒப்பந்தத்தை 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். "ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கலாம், போதும்" என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒப்பந்தத்தில் மொத்த விலை, அட்வான்ஸ், காலக்கெடு, குடியிருப்பவரைக் காலி செய்து தரும் பொறுப்பு, பத்திரத்தில் குறை தெரிந்தாலோ வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். மோட்டார், ஃபேன், கேட், கட்டில் எது வீட்டோடு நிற்கும் என்பதையும் எழுதுங்கள். பணம் எல்லாம் வங்கி வழியாக, சொந்தக்காரர் கணக்குக்கு மட்டும். தரகர் கணக்குக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.

வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விலையில் 1 சதவீதத்தை விற்பவருக்குக் கொடுக்காமல் பிடித்து, அவர் பான் எண்ணில் வருமானவரிக்குக் கட்ட வேண்டியது வாங்குபவர் கடமை. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட அதிகம். அதற்கு ஆடிட்டரைப் பாருங்கள். இதை முன்பே பேசாவிட்டால் பதிவன்று காலையில் சண்டை வரும்.

பதிவு நாள்

பத்திர வரைவை இரண்டு நாள் முன்பே கேட்டு வாங்குங்கள். வீட்டு வாசலில் நின்று செக்குபந்தியை உரக்கப் படியுங்கள். வடக்கே யார் வீடு, தெற்கே எந்தத் தெரு, கிழக்கே யார் மனை, மேற்கே என்ன. எங்கள் வரைவில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தது. பழைய பத்திரத்திலிருந்து அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள். 20 வருஷமாக யாரும் வாசலில் நின்று படித்ததில்லை. பதிவுக்குப் பிறகு கண்டுபிடித்திருந்தால், விற்றவரை மறுபடி கூப்பிட்டுப் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டியிருந்திருக்கும். பெயர், தகப்பனார் பெயர், ஆதார் எழுத்துக்கூட்டல், சர்வே எண், அளவு, கதவு எண் இவற்றை விரல் வைத்துப் படியுங்கள்.

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு இரண்டு சாட்சிகள், அடையாள அட்டை, பான், அசல் பத்திரங்கள் வேண்டும். கட்டணம் இணையத்தில் முன்பே கட்டி, டோக்கன் நேரத்துக்குப் போய், போட்டோ, கைரேகை. எங்களுக்கு உள்ளே போய் வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தரகர் அண்ணன் காலை ஒன்பது மணிக்கே வந்து விற்பவரின் வயதான அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நிழலில் உட்கார வைத்திருந்தார். கமிஷனை அங்கேயே வங்கி வழியாக அனுப்பி, ரசீது வாங்கிக்கொண்டோம்.

அதன் பிறகு

உட்பிரிவு, அதாவது சர்வே எண்ணைத் துண்டாகப் பிரிப்பது, தேவையில்லாத சொத்துக்குப் பதிவோடு சேர்ந்தே பட்டா பெயர் மாறும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. மாறியதா என்று இணையத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். உட்பிரிவு வேண்டுமென்றால் தனி மனு, சர்வேயர் வருகை எல்லாம் உண்டு. சொத்துவரி, தண்ணீர் வரி, கரண்ட் இணைப்பு மூன்றும் பெயர் மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்து, கடைசி வரியில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். வங்கியில் அசலைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, கொடுத்ததற்குப் பட்டியல் வாங்குங்கள். கடன் முடிகிற நாளில் அசலோடு சேர்த்து ரசீதுப் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும் என்று அந்தப் பட்டியலின் மேலேயே எழுதி வையுங்கள்.

பால் காய்ச்சிய அன்று தரகர் அண்ணன் ஒரு சின்ன நோட்டுத்தாளைக் கொடுத்தார். தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுக்காரர், பிளம்பர், கரண்ட் லைன்மேன், குப்பை வண்டி ஓட்டுபவர் என நான்கு பேரின் போன் நம்பர். அந்தத் தாள் இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.